நீலகிரியில் பட்டாம்பூச்சிக் குடும்பங்களைப் பிரித்தறிவது எப்படி? முதல் வருஷக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

குன்னூருக்குக் குடிவந்த முதல் வருஷத்தில் நான் எடுத்த பட்டாம்பூச்சிப் படங்கள் நானூறுக்கு மேல் இருக்கும். முக்கால்வாசிக்குப் பெயர் தெரியாது. தெரிந்ததாக நினைத்து எழுதி வைத்தவற்றிலும் பாதி தப்பு. கறுப்பாக இருந்தால் காமன் குரோ, மஞ்சளாக இருந்தால் கிராஸ் யெல்லோ, நீலம் மின்னினால் ஏதோ ஒரு புளூ. இப்படி நிறத்தை வைத்தே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் 330-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அத்தனை பக்கத்தையும் புரட்டி ஒன்றைப் பிடிப்பதற்குள் பொறுமையும் போய்விடும், பூச்சியும் போய்விடும்.

இரண்டு வருஷம் இப்படி வீணான பிறகுதான் வழி புரிந்தது. முதலில் குடும்பம், அப்புறம்தான் பெயர். நம் மலையில் பறக்கும் அத்தனை பட்டாம்பூச்சிகளும் ஆறு குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். உதாரணத்துக்கு, இது அழகிகள் என்ற பெரிய பட்டாம்பூச்சிகளின் குடும்பம் என்று தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் தேட வேண்டியது சுமார் இருபது வகைகளுக்குள்தான். ஆனால் குடும்பத்தை நிறம் காட்டிக்கொடுக்காது. காலும் உணர்கொம்பும் உட்காரும் விதமும்தான் காட்டிக்கொடுக்கும். இதை யாராவது முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தால் இரண்டு வருஷம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. கிளம்பும் முன்: பாஸ், அனுமதி, செலவு

வெளியூரிலிருந்து சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வருகிறீர்கள் என்றால் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த நடைமுறை இருக்கிறது. கட்டணம் இல்லை. செல்பேசி எண்ணும் வண்டி எண்ணும் கையில் இருந்தால் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். சீசன் மாதங்களில் வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கிறார்கள், ஆகவே கிளம்பும் அன்று காலை வரை தள்ளிப்போடாதீர்கள். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம். பட்டாம்பூச்சி பார்க்க வருபவர்களுக்கு நான் சொல்வது பேருந்துதான். மேட்டுப்பாளையம், குன்னூர் பாதையில் எங்கே வேண்டுமானாலும் இறங்கி, சாலையோரமாகவே நடந்து பார்க்கலாம்.

ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு இங்கே தடை. சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.

சாலையோரம், பூங்கா, ஊர்ப் பாதை, நண்பர் வீட்டுத் தோட்டம் இவற்றுக்கெல்லாம் அனுமதி தேவையில்லை. தேயிலைத் தோட்டத்துக்குள் போக எஸ்டேட் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். கேட்காமல் போனால் மருந்தடிக்கும் நாளில் போய் மாட்டிக்கொள்வீர்கள். காப்புக்காடு என்றால் கதையே வேறு. கோத்தகிரி லாங்வுட் சோலை போன்ற இடங்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். முதுமலையில் இஷ்டத்துக்கு இறங்கி நடக்க முடியாது. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ளும் அனுமதியில்லாமல் போக வழியில்லை. ஆராய்ச்சி, மாதிரி சேகரிப்பு என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர் வரை கடிதம் போக வேண்டும்.

நான் முதலில் எழுதிய அனுமதிக் கடிதத்தில் 'சோலைக்குள் பட்டாம்பூச்சி பார்க்க அனுமதி வேண்டும்' என்பதைத் தவிர எதுவும் இல்லை. தேதி இல்லை, எத்தனை பேர் என்று இல்லை, எந்தப் பாதை என்று இல்லை. திருத்தி எழுதி மறுபடி கொடுத்து, பதில் வர ஆறு வாரம் ஆனது. அதற்குள் நல்ல மாதம் முடிந்துவிட்டது. உங்கள் கடிதத்தில் இவை இருக்கட்டும்: தேதிகள், நேரம், இடத்தின் பெயர், உடன் வருபவர்களின் பெயர்ப் பட்டியல், ஆதார் நகல், 'எதையும் பிடிக்க மாட்டோம், படம் மட்டும் எடுப்போம்' என்று ஒரு வரி. குறைந்தது இரண்டு மாதம் முன்னால் கொடுங்கள்.

வலை வேண்டவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பட்டாம்பூச்சிகளும் இருக்கின்றன. கையில் வலையோடு காட்டோரம் நின்றால் விளக்கம் சொல்லிக்கொண்டே நாள் போய்விடும். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். குடும்பத்தைப் பிரித்தறிய எதையும் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

செலவென்று பார்த்தால், நான் வாங்கிய பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி இருநூற்றைம்பது ரூபாய். சட்டைப்பையில் அடங்கும் குறிப்பேடு அறுபது ரூபாய். செல்பேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் நானூறு கொடுத்து வாங்கினேன், இரண்டு மாதத்தில் தூக்கிப் போட்டேன். அதை வைத்து எடுக்க வேண்டுமென்றால் பூச்சிக்கு இரண்டு அங்குலம் பக்கத்தில் போக வேண்டும், எந்தப் பூச்சியும் அதுவரை காத்திருக்காது. பைனாகுலர் ஒன்பதாயிரம் ஆனது. வாங்குவதானால் இரண்டு மீட்டர் தூரத்திலும் தெளிவாகத் தெரிகிறதா என்று கடையிலேயே உங்கள் செருப்பைப் பார்த்துச் சோதித்து வாங்குங்கள். பறவை பார்ப்பவர்களின் சில பைனாகுலர்களில் ஐந்து மீட்டருக்குள் எல்லாம் மங்கலாகிவிடும். முதல் வருஷம் இவை எதுவும் இல்லாமலேகூட ஓட்டலாம். செல்பேசியும் பொறுமையும் போதும்.

2. எந்த மாதம், எத்தனை மணி, எந்த உயரம்

வெயில் இல்லாவிட்டால் பட்டாம்பூச்சி இல்லை. விடியற்காலையில் கிளம்பும் பறவை பார்ப்பவர்களோடு சேர்ந்து போய், ஏழு மணிக்கு ஊட்டியில் குளிரில் நடுங்கியதுதான் எனக்கு மிச்சம். ஊட்டி உயரத்தில் பத்து மணிக்கு முன் எதுவும் அசையாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் இன்னும் தாமதமாகும். மதியம் ஒரு மணிக்கு மேல் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மஞ்சு ஏறிவிடும். ஆக மேலே உங்களுக்குக் கிடைப்பது பத்திலிருந்து ஒன்று வரை மூன்று மணி நேரம். பர்லியார் போன்ற தாழ்ந்த இடங்களில் எட்டரைக்கே ஆரம்பிக்கலாம்.

மழையைப் பொறுத்தவரை நீலகிரிக்கு இரண்டு பக்கம் உண்டு. கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனிலிருந்து கொட்டும், அட்டைக்கும் குறைவிருக்காது. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழை, அக்டோபரும் நவம்பரும். இரண்டுக்கும் இடைப்பட்ட செப்டம்பர்தான் என் கணக்கில் முதல் மரியாதைக்குரிய மாதம். நாடு முழுக்கப் பட்டாம்பூச்சி ஆர்வலர்கள் 'பிக் பட்டர்ஃபிளை மந்த்' கொண்டாடுவதும் செப்டம்பரில்தான். ஏப்ரல், மே மாதக் கோடைமழைக்குப் பிறகும் நன்றாக இருக்கும்.

உயரம் மாறினால் ஆட்களும் மாறுவார்கள். ஊட்டி சுமார் 2,200 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். நீலகிரி கிளவுடெட் யெல்லோ, இந்தியன் ரெட் அட்மிரல், முட்டைக்கோஸ் தோட்டங்களில் சுற்றும் இந்தியன் கேபேஜ் ஒயிட் இதெல்லாம் மேலே. சதர்ன் பேர்ட்விங், புளூ மார்மன் இவற்றைப் பார்க்கக் கீழே இறங்க வேண்டும். எண்ணிக்கையும் வகையும் கீழேதான் அதிகம். முதல் நாளே தொட்டபெட்டா போய் ஏமாறாதீர்கள். குன்னூரிலிருந்து கீழே இறங்கிப் பழகுங்கள். பழனி மலைக்காரர்களுக்கும் இதே கணக்குதான். கொடைக்கானலைவிடத் தாண்டிக்குடிப் பக்கம் ஆரம்பிப்பது சுலபம்.

ஒரு எச்சரிக்கை. தேயிலைக்கு நடுவே காட்டுமாடு நிற்கும். கேமராவில் கண்ணை வைத்தபடி பின்னால் நகராதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒருமுறை தலையைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள்.

3. அந்துப்பூச்சியை ஒதுக்குங்கள்

பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளும் உண்டு, பளிச்சென்ற நிறத்தோடு. உணர்கொம்பைப் பாருங்கள். நுனியில் தீக்குச்சித் தலை போலத் தடித்திருந்தால் பட்டாம்பூச்சி. சீப்பு போலவோ இறகு போலவோ, அல்லது நுனி வரை மெலிந்துகொண்டே போகும் நூல் போலவோ இருந்தால் அந்துப்பூச்சி. நம் ஊருக்கு இந்த அடையாளம் போதும், மேற்கொண்டு குழம்ப வேண்டாம்.

4. கால்களை எண்ணுங்கள்

இதுதான் கதவைத் திறக்கும் சாவி. எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது என் மகள். ஒரு டிசம்பர் காலை, எங்கள் வீட்டுக் காம்பவுண்ட் சுவரில் காமன் குரோ ஒன்று குளிரில் விறைத்து உட்கார்ந்திருந்தது. இறக்கை மூடியிருந்தது, பறக்கத் தெம்பில்லை. அவள் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்கு நாலு கால்தான் இருக்கு. ரெண்டு ஒடிஞ்சுபோச்சா?" என்றாள். நானும் குனிந்தேன். சுவரைப் பற்றியிருந்தது நாலே கால். தலைக்குக் கீழே, மார்போடு ஒட்டி, மடித்த குடைபோல இரண்டு குட்டிக் கால்கள், நுனியில் மயிர். அதைக் கால் என்று சொல்லவே முடியாது, தூரிகை மாதிரி இருந்தது. பத்து நிமிஷம் கழித்து வெயில் சுவருக்கு வந்தது. அது இறக்கையை விரித்துச் சூடேற்றிக்கொண்டு போய்விட்டது. ஒன்றும் ஒடியவில்லை. அந்தக் குடும்பமே அப்படித்தான்.

படத்தில் எண்ணுவதானால் பக்கவாட்டுப் படம் வேண்டும். மேலிருந்து எடுத்த அழகான படத்தில் கால் தெரியாது. என் முதல் நானூறு படங்களும் மேலிருந்து எடுத்தவை.

நாலு கால் தெரிந்தால் நிம்ஃபாலிடே, அதாவது வரியன்கள் குடும்பம். ஆறு காலும் நன்றாக ஊன்றியிருந்தால் மற்ற குடும்பங்களில் ஒன்று. இதில் இரண்டு விலக்குகள் உண்டு. பீக் என்ற வகையில் பெண்ணுக்கு ஆறு கால்களும் வேலை செய்யும், ஆனால் முகத்துக்கு முன்னால் அலகு போல நீட்டிக்கொண்டிருப்பதை வைத்தே அதைத் தெரிந்துகொள்ளலாம். இன்னொன்று ஜூடி, அதைக் கீழே சொல்கிறேன்.

5. ஆறு குடும்பங்கள்

அழகிகள், பாப்பிலியோனிடே. பெரியவை. எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி, ரோஜா அழகி, புளூ மார்மன், சதர்ன் பேர்ட்விங் எல்லாம் இங்கே. 'வால் இருந்தால் அழகி' என்று சொல்லித் தருவார்கள், அதை அப்படியே நம்பாதீர்கள். எலுமிச்சை அழகிக்கு வால் இல்லை, புளூ மார்மனுக்கு இல்லை, பேர்ட்விங்குக்கும் இல்லை. நம்பக்கூடியது அவை தேன் குடிக்கும் விதம். பூவில் உட்கார்ந்த பிறகும் இறக்கை படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். உடம்பின் எடையைப் பூவின் மேல் இறக்காமல் பாதி மிதந்தபடியே குடிக்கும். உண்ணிச்செடிப் புதர் எதிரே ஐந்து நிமிஷம் நின்றால் இதைப் பார்த்துவிடலாம். படம் எல்லாம் கலங்கிப் போய் வந்தால் வருத்தப்படாதீர்கள், அந்தக் கலங்கலே ஓர் அடையாளம்.

சதர்ன் பேர்ட்விங்கை ஒருமுறையாவது பாருங்கள். தென்னிந்தியாவுக்கு மட்டுமே உரியது. இறக்கையின் அகலம் 140 முதல் 190 மில்லிமீட்டர். கறுப்பு முன்னிறக்கை, தங்க மஞ்சள் பின்னிறக்கை. சாலைக்கு மேலே மர உயரத்தில் மிதந்து போகும்போது சின்னப் பறவை என்றே நினைப்பீர்கள்.

வெள்ளையன்கள், பியெரிடே. நடுத்தர அளவு, பெரும்பாலும் வெள்ளை அல்லது மஞ்சள், கறுப்பு ஓரம். ஆறு கால். ஓடையோரம் ஈரமண்ணில் கூட்டமாக உட்கார்ந்து உப்பு உறிஞ்சும் கும்பலில் எமிகிரன்ட்டுகளும் கிராஸ் யெல்லோக்களும்தான் அதிகம். உட்கார்ந்ததும் இறக்கையை மூடிக்கொள்ளும். நீலகிரி கிளவுடெட் யெல்லோ புல்வெளியில் இறங்கியதும் டக்கென்று மூடிவிடும், மேல்பக்கத்தை விரித்துக் காட்டவே காட்டாது. அதன் மேல்பக்கப் படத்துக்காக ஒரு முழுக் காலையைத் தொலைத்திருக்கிறேன். அடிப்பக்கப் படம் போதும் என்று விட்டுவிடுங்கள்.

வரியன்கள், நிம்ஃபாலிடே. நாலு கால்காரர்கள், மிகப் பெரிய குடும்பம். வெந்தய வரியன், குரோ, டைகர், அட்மிரல், புஷ்பிரவுன், ஓக்லீஃப் என்று ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லாத முகங்கள் எல்லாம் இதற்குள்தான். 2019-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் இந்தக் குடும்பம். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆகவே குடும்பத்துக்குள் இன்னும் ஒருபடி பிரித்துக்கொள்ளுங்கள். மெதுவாக மிதந்து பறக்கிறது, கிலுகிலுப்பைச் செடியில் கூட்டமாக மொய்க்கிறது என்றால் குரோ, டைகர் பக்கம். அந்தச் செடியிலிருந்து ஆண்கள் எடுத்துக்கொள்ளும் வேதிப்பொருள்தான் பெண்ணைக் கவரவும் எதிரிகளை விரட்டவும் உதவுகிறது. நிழலில், தரையோடு தரையாகக் குதித்துக் குதித்துப் பறக்கிறது, இறக்கையடியில் கண் போன்ற வட்டங்கள் இருக்கின்றன என்றால் பிரவுன் பக்கம். வெயிலில் சுவரிலோ பாறையிலோ இறக்கையை விரித்து உட்கார்ந்து, விரட்டினாலும் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது என்றால் அட்மிரல் பக்கம்.

நீலகிரி டைகர், ரெட்-டிஸ்க் புஷ்பிரவுன், பழனி புஷ்பிரவுன் போன்றவை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. சோலையோரம் புஷ்பிரவுன் வந்தால் 'வெறும் பழுப்பு' என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். நான் அப்படி நிறைய தவறவிட்டிருக்கிறேன்.

நீலன்கள், லைசீனிடே. சின்னவை. கிராஸ் ஜுவல் இறக்கை மூடி உட்கார்ந்தால் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும். உணர்கொம்பில் கறுப்பு, வெள்ளை வளையங்கள், கண்ணைச் சுற்றி வெள்ளைக் கோடு. ஆறு காலில் நடக்கும். பலவற்றுக்குப் பின்னிறக்கை முனையில் மயிரிழை போன்ற வால், அதன் அடியில் கறுப்புப் புள்ளி. உட்கார்ந்ததும் பின்னிறக்கைகளை மேலும் கீழுமாக உரசும். வால் ஆடுவது உணர்கொம்பு ஆடுவது போலவும், புள்ளி கண் போலவும் தெரியும். பல்லியோ பறவையோ அதைத் தலை என்று நினைத்துக் கொத்தும், இது மீதி இறக்கையோடு தப்பிவிடும். பின் முனை மட்டும் கத்தரித்தது போல் கிழிந்த நீலனை நீங்களும் பார்ப்பீர்கள்.

இங்கே பொறி என்னவென்றால், நீலம் மேல்பக்கத்தில்தான். உட்கார்ந்தால் சாம்பல் நிறம் மட்டுமே தெரியும். பறக்கும்போது நீலத்தைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்ததும் 'இது வேறு' என்று நினைத்துவிடுவோம். வகை பிரிக்க உதவுவது அந்தச் சாம்பல் அடிப்பக்கத்தின் கோடுகளும் புள்ளிகளும்தான்.

ஜூடி, ரியோடினிடே. நம் மலைகளில் இந்தக் குடும்பத்தில் நீங்கள் சந்திக்கப்போவது ஜூடியை மட்டும்தான். நிழலில், இலைமேல், இறக்கையைப் பாதி விரித்துக்கொண்டு, இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பி நடக்கும். அந்த நடையை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. ஆணுக்கு நடக்கும் கால் நாலு, பெண்ணுக்கு ஆறு. அதனால் இங்கே காலை எண்ணிக் குழம்ப வேண்டாம், நடையைப் பாருங்கள்.

துள்ளிகள், ஹெஸ்பெரிடே. தடித்த உடம்பு, பெரிய தலை, குட்டி இறக்கை. உணர்கொம்பின் இரண்டு அடிகளும் தலையில் தள்ளித்தள்ளி இருக்கும், நுனி கொக்கி போல வளைந்திருக்கும். அம்பு விட்டது மாதிரிப் பறந்து நாலடி தள்ளி உட்காரும். உட்காரும் விதம் மூன்று வகை. இறக்கையைத் தட்டையாக விரித்து, பெரும்பாலும் இலைக்கு அடியில் ஒட்டிக்கொள்பவை ஃபிளாட். முன்னிறக்கை பாதி தூக்கி, பின்னிறக்கை மட்டும் படுக்கையாக, போர் விமானம் நிற்பது போல நிற்பவை புல்வெளித் துள்ளிகள். முழுதாக மூடி உட்காருபவை ஆல் (awl) என்ற துள்ளிகள் போன்றவை. இந்தக் குடும்பத்தை அந்துப்பூச்சி என்று தள்ளிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கொக்கியைத் தேடுங்கள். வகைவரைக்கும் போக முதல் வருஷம் முயல வேண்டாம், டார்ட் என்ற புல்வெளித் துள்ளிகள் பலவற்றைப் படத்தை வைத்து நிபுணர்களே பிரிக்க மாட்டார்கள்.

6. ஏமாற்றும் ஜோடிகள்

குரோ, டைகர் இரண்டும் புழுப் பருவத்திலிருந்தே உடம்பில் கசப்பையும் நஞ்சையும் சேர்த்து வைத்திருப்பவை. ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை தொடாது. அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கும் வேறு குடும்பத்துக்காரர்கள் உண்டு. நிறத்தை வைத்துத் தேடுபவர் இங்கேதான் விழுவார்.

காமன் மைம் ஓர் அழகி. ஆனால் ஒரு வடிவம் அச்சாகக் குரோ, இன்னொரு வடிவம் அச்சாக புளூ டைகர். பறப்பதும் அதே மந்த நடை. பர்லியார் பக்கம் எடுத்த ஒரு படத்தை மூன்று மாதம் 'குரோ' என்ற பெயரிலேயே வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் பெரிதாக்கிப் பார்த்தால், ஈரமண்ணில் ஊன்றியிருந்தது ஆறு கால். பின்னிறக்கை அடியில் ஓரத்தை ஒட்டி மஞ்சள் புள்ளி வரிசை. மூன்று மாதம் என் கண்முன்னே இருந்த படம்தான். மலபார் ரேவன் என்ற இன்னொரு அழகியும் இதே குரோ வேஷம். அதற்கு அந்த மஞ்சள் வரிசை கிடையாது, ஆறு காலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

வாண்டரர் ஒரு வெள்ளையன். ஆணுக்கு வெளிர்நீலம், பெண் மட்டும் புளூ டைகர் போல வரி போட்டிருப்பாள். அங்கேயும் காலை எண்ணுங்கள்.

கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில ரோஜா அழகி போலவும், சில சிவப்புடல் அழகி போலவும் இருக்கும். மூன்றும் அழகிகள்தான், குடும்பத்தில் குழப்பமில்லை. உடம்பு சிவப்பா கறுப்பா என்று மட்டும் பாருங்கள். சிவப்பென்றால் அசல், கறுப்பென்றால் வேஷம்.

புஷ்பிரவுன்களில் இன்னொரு தொல்லை. மழைக்காலத்தில் கண் வட்டங்கள் பெரிதாக இருக்கும், வறண்ட காலத்தில் பொட்டாகச் சுருங்கிவிடும் அல்லது மறைந்தே போகும். ஒரே பூச்சிதான், சீசனுக்கு ஒரு சட்டை. மாதத்தைக் குறித்து வைக்காவிட்டால் ஒன்றையே இரண்டாக எழுதிவிடுவீர்கள்.

7. மழை நாளுக்கு: செடியும் புழுவும்

பூச்சி பறக்காத நாளில் செடியைத் தேடுங்கள். வீட்டுக் கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தையில் பறவை எச்சம் போல ஒரு குட்டிப் புழு இருந்தால், அது வளர்ந்து பச்சையாகும் வரை காத்திருங்கள். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு துருத்திக்கொண்டு வரும், நெடியடிக்கும். இது அழகிகள் குடும்பத்துப் புழுக்களுக்கு மட்டுமே உண்டு. ஆடுதீண்டாப்பாளையில் ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும், எருக்கில் வெந்தய வரியனும், அரளியில் காமன் குரோவும், கொன்றை, ஆவாரையில் எமிகிரன்ட்டுகளும் இருக்கும். அவரைக் காயில் பீ புளூ, ரணகள்ளி இலைக்குள்ளே ரெட் பியரோ, இவை நீலன்கள். புல்லிலோ வாழையிலோ சுருட்டி நூலால் தைத்த இலை இருந்தால் துள்ளி. நீலன் புழு என்றால் பெரும்பாலும் பக்கத்தில் எறும்பு இருக்கும். புழு சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் காவல் நிற்கின்றன.

கூட்டுப்புழுவும் குடும்பம் சொல்லும். தலைகீழாக, வாலில் மட்டும் தொங்கினால் வரியன். இடுப்பில் நூல் கட்டி நிமிர்ந்து நின்றால் அழகி அல்லது வெள்ளையன். அதில் தலையில் ஒரே முனை என்றால் வெள்ளையன், இரண்டு முனை என்றால் பெரும்பாலும் அழகி. குளிர்காலத்தில் இதுவே பெரிய வேலை.

8. படமும் குறிப்பும்

ஒவ்வொரு பூச்சிக்கும் முதல் படம் தூரத்திலிருந்தே எடுத்துவிடுங்கள், எவ்வளவு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் போய் எடுக்கலாம் என்று காத்திருந்து வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் எனக்கு அதிகம். அப்புறம் குனிந்து, உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் நகருங்கள். நிழல் பட்டால் உடனே பறக்கும். இரண்டாவது படம் பக்கவாட்டில், கால் தெரியும்படி. மூன்றாவது, முடிந்தால், மேல்பக்கம்.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினங்களின் படத்தைப் பதிந்து பெயர் கேட்கும் செயலியில் ஏற்றும்போது, செயலி காட்டும் முதல் பெயரைச் சட்டென்று அழுத்திவிடாதீர்கள். குடும்பம் வரை உறுதி என்றால் குடும்பப் பெயரை மட்டும் போடுங்கள். மற்றவர்கள் பார்த்து வகைப் பெயர் வரை கொண்டுபோவார்கள். ஒரு பூச்சிக்கு எடுத்த மூன்று படங்களையும் ஒரே பதிவில் ஏற்றுங்கள், தனித்தனியாக அல்ல.

குறிப்பேட்டில் நான் இப்போது எழுதும் வரி இப்படி இருக்கும்: 'செப்டம்பர் 14, காலை 10.40, குன்னூர் கீழே சாலையோரம், வெயில், உண்ணிப்பூ, ஆறு கால், குடிக்கும்போது இறக்கை அடித்தது, வால் இல்லை, அழகி.' பெயர் எழுதும் இடம் பல நாள் காலியாகவே கிடக்கும். வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, டீ குடித்துவிட்டு நிதானமாக நிரப்பிக்கொள்ளலாம்.